ஒன்று முதல் நான்கு மணி வரை

வரிசையை மாற்றக்கூடாது, அண்ணாச்சி. இன்று மதியத்திலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் என் தலையில்தான் விழும். மேலே இருக்கிற எஸ்.ஐ. அப்படித்தான் ஆரம்பித்தார். "ஒண்ணே முக்காலுக்கு அந்தப் புள்ள உங்க கதவத் தட்டுச்சா, தட்டலயா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை. நீங்கள் போலீஸ் அறிக்கையில் சாட்சியாக, பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போட வந்தவர். எதிரே சிப்ஸ் கடை வைத்திருக்கிறீர்கள், இந்த லாட்ஜில் யாரையும் தெரியாது, யார் பக்கமும் இல்லை. நீங்களாவது முதலிலிருந்து கேளுங்கள்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே இருக்கும் மெஸ். மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், ஒன்பது வயது இருக்கும். அடுத்தது இரண்டும் பையன்கள். மேசைக்கு அடியில் புகுந்து புகுந்து விளையாடுகிறார்கள். பரிமாறுகிறவர் கால் தடுக்கி, அரை வாளி சாம்பார் என் வேட்டியில். அப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மா மேசையில் கையை ஊன்றி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு அதட்டல் இல்லை. ஒரு மன்னிப்பு இல்லை.

இரண்டாவது, திங்கட்கிழமை. இரண்டாம் மாடி வராண்டாவில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உதை. என் அறை பன்னிரண்டு. அவர்களுடையது பதினாலு. இடையில் பதிமூன்று காலி. நான் மூட்டுவலிக்காக வருடா வருடம் குற்றாலச் சாரலுக்கு வருகிறவன். காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்தால் மதியம் மூன்று மணி நேரம் படுத்தே ஆகவேண்டும். படுக்கவிடவில்லை.

மூன்றாவது, செவ்வாய் மதியம். அந்தப் பெண் பிள்ளை கதவைத் தட்டி, "தாத்தா, சுடுதண்ணி இருக்கா?" என்றது. கையில் பிளாஸ்க். நான் உனக்குத் தாத்தா இல்லை, கீழே போய்க் கேள் என்றேன். அரை மணி கழித்து மறுபடி தட்டுகிறது. கீழே யாரும் இல்லையாம். அன்றைக்கு மட்டும் நாலு தடவை.

நான்காவது, புதன் காலை. நான் இட்லி தின்றுகொண்டிருக்கிறேன். கடைசிப் பையன் வந்து எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து என் தட்டில் இருந்த இட்லியை எடுத்துத் தின்கிறான். கேட்கவில்லை. எடுத்தான். அக்காக்காரி ஓடிவந்து அவனை இழுத்தாள். அவள் கையில் நீலநிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழல். அதை அமுக்கி அமுக்கிக் காதருகே வைத்துப் பார்க்கிறாள். "தாத்தா, இது தீந்துபோச்சு, இது எங்க விக்கும்?" என்றாள். விளையாட்டுச் சாமானுக்கு வழி சொல்ல நான் என்ன பொம்மைக்கடையா என்று கேட்டேன். மெஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பை யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த நாலையும் எஸ்.ஐ. எழுதவில்லை, அண்ணாச்சி. மேலே பதினாலாம் நம்பரில் அந்தப் பிள்ளைகளின் அம்மா இறந்து கிடக்கிறாள். அதற்குக் காரணம் நான் என்று மேனேஜர் தவசிக்கனி சொல்லிவிட்டான். அந்த அறிக்கையில் என் பெயர் ஏறுமா, ஏறாதா என்பதுதான் இப்போது கேள்வி. எழுபத்திரண்டு வயது எனக்கு. பதினோரு தடவை சிறைக்குப் போயிருக்கிறேன். பதினோரு தடவையும் நியாயத்துக்காக. பன்னிரண்டாவது இப்படி ஒரு காகிதத்தில் ஏறக்கூடாது.

தவசிக்கனி யோக்கியன் மாதிரிப் பேசுகிறான். புதன்கிழமை அவனிடம்தான் முதலில் போனேன். எதையும் முறைப்படி செய்கிறவன் நான். முதலில் நிர்வாகம், அப்புறம்தான் போராட்டம். அவன் பல்லைக் குத்திக்கொண்டு, "சீசன்ல புள்ளைங்க சத்தம் போடாம எப்டி தோழரே? வேணும்னா அதுகளுக்கும் ஒரு சங்கம் வச்சுக் குடுங்க, நீங்க தலைவரா இருங்க" என்றான். நாற்பது வருடம் முதலாளிகளின் கேலியைக் கேட்ட காது இது. ஒரு லாட்ஜ் மேனேஜர் கேலி என்னை என்ன செய்யும்? ஆனால் குறித்துக்கொண்டேன்.

பிறகு எதிர்த்தரப்பு. பதினாலாம் நம்பர் கதவை நானே போய்த் தட்டினேன். அப்பன் இல்லை. கூட்டாளிகளோடு வேன் எடுத்துக்கொண்டு ஐந்தருவி, பழைய குற்றாலம், அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. வியாழன் சாயங்காலம்தான் வருவானாம். அம்மாக்காரிதான் கதவைத் திறந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பொதுவாழ்க்கை ஒழுங்கு பற்றி, அடுத்தவர் ஓய்வுக்கு இருக்கும் உரிமை பற்றி, பத்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று எத்தனை பேர் ரத்தம் சிந்தி வாங்கியது என்று சொன்னேன். நின்றே கேட்டாள். தலையை ஆட்டினாள். கடைசியில், "பாத்துக்கிறேன்... ய்யா" என்றாள். அவ்வளவுதான். அதற்கே ஊரைச் சுற்றி வந்தவள் மாதிரி ஒரு மூச்சு. இரண்டு வார்த்தைக்கு மேல் என்னோடு பேச அவளுக்கு மனசில்லை. அவ்வளவு திமிர் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சரி. நிர்வாகம் கைவிட்டது, எதிர்த்தரப்பு மதிக்கவில்லை. அப்புறம் என்ன வழி? ஒற்றுமைதான் வழி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், அண்ணாச்சி. எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் துண்டறிக்கையில். ஆலை வாசலில் கொடுப்பார்கள், அந்தத் தாளால் கஞ்சிக்கலயத்தை மூடிக்கொண்டு வந்து வீட்டில் விரித்து வைத்துப் படிப்பேன். பிறகு நானே எழுதினேன். எங்கள் பக்கத்தில் நல்லசிவன் நோட்டீஸ் என்றால் போலீஸ்காரனே ஒன்று கேட்டு வாங்கிப் படிப்பான். ஆகவே உட்கார்ந்து எழுதினேன். 'இரண்டாம் மாடி குடியிருப்போர் ஒருமித்த முடிவு. தினமும் மதியம் ஒன்று முதல் நான்கு மணி வரை ஓய்வு நேரம். அந்த நேரத்தில் பதினாலாம் அறைப் பிள்ளைகள் எந்தக் காரணம் சொல்லித் தட்டினாலும் எவரும் கதவைத் திறப்பதில்லை. தண்ணீரோ தின்பண்டமோ கொடுப்பதில்லை. பேசுவதில்லை. இதை மீறுகிறவர் பொதுமுடிவுக்குத் துரோகம் செய்தவர்.' வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

'எந்தக் காரணம் சொல்லி' என்று ஏன் போட்டேன் தெரியுமா? அனுபவம். ஆலையில் அறுபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். நாற்பத்தோராம் நாள் ஒருத்தன் பின்பக்கமாக உள்ளே போனான். பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் பத்துப் பேர் வீட்டில் காய்ச்சல். ஒரு கதவு திறந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும். என் வீட்டுக்காரி பிரசவ வலியில் கிடந்தபோதுகூட நான் ஆலை வாசலை விட்டு நகரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது பெரிய ஆளாகி என்னோடு பேசுவதில்லை. அது வேறு கதை.

கையெழுத்து வாங்கினேன். பதினொன்றில் கரூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் சம்சாரமும். பதினைந்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. பதினாறில் ஜவுளிக்கடைக்காரர். வாத்தியார் உடனே போட்டார். ஜவுளிக்கடைக்காரர் தூங்கினால் போதும் என்று போட்டார். புது மாப்பிள்ளை இரண்டு பேருக்குமாகப் போட்டார், கேட்கவே வேண்டாம், அவர்களுக்குக் கதவு திறக்காமல் இருப்பதில் என்ன கஷ்டம்? வாத்தியார் சம்சாரம்தான் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு மொகமே சரியில்லீங்களே. ஒருக்கா என்னன்னு கேட்டுட்டு..." என்று இழுத்தது. அம்மா, இரக்கம் தனி, இயக்கம் தனி என்றேன். வாத்தியார், "போடு, போடு" என்றார். போட்டது. ஐந்து கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. எப்போதும் முதல் கையெழுத்து நான்தான் போடுவேன். அடிபடுகிறவன் முன்னால் நிற்கவேண்டும்.

பதினாலுக்கு மட்டும் தாள் கொடுக்கவில்லை. வராண்டாச் சுவரில் ஒட்டினேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

இன்னொன்று. மாடிப்படி முகப்பில் ஒரு கிரில் கேட் இருக்கிறதே, பார்த்தீர்களா? அதை ஒன்று முதல் நான்கு வரை பூட்டச் சொன்னதும் நான்தான். மறைக்கமாட்டேன். இறங்கி ஏறி இறங்கி ஏறி அந்தப் பிள்ளைகள் போடும் சத்தம் அப்படி. தவசிக்கனி உடனே சம்மதித்தான். ஏன் சம்மதித்தான்? அவனுக்கும் மதியம் தூங்கவேண்டும். யாருக்காவது இறங்கவேண்டுமென்றால் செல்லில் கூப்பிடட்டும் என்று நம்பரைக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்தான். இப்போது, "தோழர் சொன்னாரு, பூட்டுனேன்" என்கிறான். சாவி யார் கையில் இருந்தது, அண்ணாச்சி? சாவி வைத்திருப்பவன்தான் நிர்வாகம். இதை நீங்கள் எஸ்.ஐ.யிடம் சொல்லவேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

புதன் மதியம் யாரும் தட்டவில்லை. பிள்ளைகள் நோட்டீஸ் முன்னால் நின்றார்கள். பெரியது விரலை வைத்து வாசித்துத் தம்பிகளுக்குச் சொன்னது. உள்ளே போய்விட்டார்கள். வராண்டா துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அருவிச் சத்தம் அறை வரைக்கும் கேட்டது. நாலு நாளில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

இன்று வியாழன். ஒன்றே முக்காலுக்குத் தட்டியது. ஆமாம், தட்டியது. எஸ்.ஐ. கேட்டபோது சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். "தாத்தா, அம்மா ஒரு மாதிரி இருக்கா. தாத்தா." நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். இது எதிர்பார்த்ததுதான். எந்தப் புறக்கணிப்பிலும் இரண்டாம் நாள் எதிர்த்தரப்பு ஒரு நல்ல காரணத்தோடு வரும். முதல் நாள் மிரட்டுவான், இரண்டாம் நாள் அழுவான். அழுகைக்குத்தான் நம் ஆட்கள் உடைவார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்காக இல்லை, மற்றவர்கள் உடைந்துவிடுவார்களோ என்று.

பதினொன்றைத் தட்டினாள். நான் எண்ணினேன். ஆறு தட்டு. திறக்கவில்லை. பதினைந்து. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்தார்கள். திறக்கவில்லை. பதினாறு. ஜவுளிக்கடைக்காரர் இருமினார், திறக்கவில்லை. மறுபடி என் கதவு. இந்தத் தடவை உள்ளங்கையால் தட்டினாள். "தாத்தா, ஒரே ஒரு தடவ வந்து பாருங்க." கீழே இடுக்கில் அவள் நிழல் தெரிந்தது. என் கை தாழ்ப்பாளில் இருந்தது, அண்ணாச்சி. பொய் சொல்லமாட்டேன். கை அதில்தான் இருந்தது. ஆனால் முதல் கையெழுத்துப் போட்டவன் முதலில் உடைந்தால் என்ன மரியாதை?

போன் இல்லையா என்பீர்கள். அம்மா போனில் அப்பனுக்கு அடித்திருக்கிறாள். அருவிக்குள் நிற்கிறவன் எடுப்பானா? தவசிக்கனி நம்பர்தான் அவளிடம் இல்லையே.

பிறகு கிரில் கேட்டுக்குப் போய் டம்ளரால் அடித்தாள். இருபது நிமிடம் அடித்திருப்பாள். இரும்பில் இரும்பு. அந்தச் சத்தத்தில் செத்தவனும் எழுந்து வருவான். நாலு அறையில் ஒரு கதவு அசையவில்லை. யோசித்துப் பாருங்கள். வாத்தியாருக்கு ஜவுளிக்கடைக்காரரைத் தெரியாது. ஜவுளிக்கடைக்காரருக்குப் புது ஜோடியைத் தெரியாது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், அவரவர் அறையில் தனியாக, ஒரே முடிவில் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலையில் இரண்டாயிரம் பேரை வைத்துக்கொண்டு எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. நூற்றுக்கு நூறு.

அப்புறம் சத்தம் நின்றது.

நான் படுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் இருந்தேன். ஏன் படுக்கவில்லை என்று கேட்காதீர்கள். மூட்டுவலி.

நான்கு மணிக்குச் சரியாகக் கதவைத் திறந்தேன். ஒரு நிமிடம் முன்னால் இல்லை. அந்தப் பிள்ளை கிரில் கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பையன்கள் இரண்டு பேரும் அதன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டம்ளர் பக்கத்தில். என்னை நிமிர்ந்து பார்த்து என்ன கேட்டது தெரியுமா?

"நாலு மணி ஆயிடுச்சா, தாத்தா?"

அதுதான் கேட்டது. அழவில்லை. திட்டவில்லை. நான்கு வரைக்கும் யாரும் வரமாட்டார்கள் என்று புரிந்துகொண்டு, நான்கு வரைக்கும் காத்திருந்திருக்கிறது. நாலு நாளாக அடங்காத பிள்ளை. ஒரே நோட்டீஸில் அடங்கிவிட்டது. ஒழுங்கு என்பது சொல்லிக்கொடுத்தால் வரும் என்று நான் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். வந்துவிட்டது பாருங்கள். ஆமாம் பாப்பா, நாலாகிவிட்டது என்றேன். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "இப்ப வர்றீங்களா?" என்றது.

போனேன். போகாமல் என்ன? நான்தான் முதலில் போனேன், அதையும் எழுதச் சொல்லுங்கள். அம்மாக்காரி கட்டிலில் இல்லை. ஜன்னல் பக்கம் தரையில், காற்று வருகிற இடமாகப் பார்த்துப் போய்க் கிடந்தாள். சுற்றிலும் தலையணை. பிள்ளைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நீலக்குழல் கையில். நான் தவசிக்கனிக்குப் போன் அடித்தேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூச்சிளைப்பு முற்றிப் போயிருக்கிறது, இரண்டரைவாக்கில் முடிந்திருக்கும், இந்த ஈரத்தில் மருந்தில்லாமல் இவளை யார் கூட்டிவந்தது என்று கேட்டார். அப்புறம், "இடையில யாரும் பாக்கலையா?" என்றார். தவசிக்கனி சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டான்.

இளைப்பு என்று யார் சொன்னார்கள் எனக்கு? அந்தப் பிள்ளை சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் சொல்லியிருக்கலாம், பத்து நிமிடம் அவள் முன்னால் நின்றேனே. 'ஒரு மாதிரி இருக்கா' என்றால் என்ன அர்த்தம், அண்ணாச்சி? கோரிக்கையைத் தெளிவாக வைக்கவேண்டாமா?

இப்போது ஒவ்வொருத்தராக நழுவுகிறார்கள். புது ஜோடி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர், தான் தூக்க மாத்திரை போட்டிருந்ததாகச் சொல்கிறார். வாத்தியார் சம்சாரம் எஸ்.ஐ. முன்னால் நின்று அழுதது. திறக்க எழுந்ததாம், வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்காரவைத்தாராம். "அந்தப் பெரியவர் எழுதினத நம்பிட்டோமுங்க" என்றது. கருங்காலித்தனம். கையெழுத்துப் போடும்போது ஐந்து பேர், கணக்குச் சொல்லும்போது ஒருத்தன். எனக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு போராட்டமும் இப்படித்தான் முடிந்திருக்கிறது.

அங்கே பாருங்கள், அந்த பெஞ்சில். மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரமாக ஒரு சத்தம் இல்லை. போலீஸ்காரர் பிஸ்கட் கொடுத்தார், அந்தச் சின்னவன்கூட எடுக்கவில்லை. மூத்தது இரண்டு பேர் வாயிலும் கையை வைத்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கையை இன்னும் இறுக்குகிறது. நான் என்ன புலியா? இப்போது பேசட்டுமே, யார் வேண்டாம் என்றது? பேசு பாப்பா என்றேன். பேசவில்லை. அப்பன் மலை இறங்கிவிட்டானாம். வேனில் வந்துகொண்டிருக்கிறான். வந்தால் முதலில் யாரைக் கேட்பான்? பிள்ளைகள் யாரைக் காட்டும்?

நான் ஓடிப்போகவில்லை, பார்த்தீர்கள்தானே. பெட்டி கட்டவில்லை. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. இது தனிமனிதன் முடிவு இல்லை, எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று ஒரு வரி. அந்த ஒரு வரி அறிக்கையில் இருக்கவேண்டும். உங்களுக்கும் கடை வாசலில் பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிச்சல் வராதா? நீங்கள் விரட்டியதே இல்லையா?

எஸ்.ஐ. இறங்கிவிட்டார். எழுந்திருங்கள். ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர் எல்லாரையும் கூப்பிடுகிறார். அது என்ன, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'இங்க போடுங்க' என்கிறார்? போடாதீர்கள், அண்ணாச்சி. பேனாவை வையுங்கள். அய்யா, சட்டம் எனக்கும் தெரியும். பஞ்சாயத்தாருக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக்கூடாது. அந்த ஆட்டோக்காரருக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டீர்களா? தெரியாத காகிதத்தில் ஒருத்தன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?

என்ன? நானே வாசிக்கவா? தாராளமாக. கொடுங்கள்.

இருங்கள், ஒரு புரட்டு. என் பெயர்... முதல் பக்கத்தில் இல்லை. சரி. எல்லாரும் கிட்டே வாருங்கள். ஐந்து பேரும் கேளுங்கள். 'குற்றாலம், வியாழக்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. விடுதியின் இரண்டாம் மாடி, அறை எண் பதினான்கு. கீழ்க்கண்ட பஞ்சாயத்தார் முன்னிலையில் பார்வையிடப்பட்ட இறந்தவரின் பெயர்...'

ஏட்டையா கையெழுத்து புரியவில்லை. வெளிச்சம் போதவில்லை. இல்லை, புரிகிறது. நான்தான் இத்தனை நாளும் பதினாலாம் நம்பர், பதினாலாம் நம்பர் என்று... சரி.

'பெயர், மாரீஸ்வரி.'

என்ன? பின்னால் கேட்கவில்லையா?

மாரீஸ்வரி.